ஏழு பேர் கொண்ட தொண்டு நிறுவனத்துக்கு உத்தித் திட்டம் எதற்கு?

பிப்ரவரி 3, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் நிறுவனத்தில் சம்பளம் பெற்று வேலை செய்பவர்கள் ஏழு பேர். புதிதாக வந்த அறங்காவலர் ஒருவர், ஐந்தாண்டு உத்தித் திட்டம் இல்லாமல் எந்த நன்கொடையாளரையும் அணுக முடியாது என்கிறார். அடுத்த ஆண்டு எவ்வளவு நிதி வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்படியிருக்க ஐந்தாண்டுத் திட்டம் என்பது பிறருக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் காகிதம்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டா?

பிப்ரவரி 3

பாதி மறுக்கிறேன். காட்டுவதற்காக எழுதப்பட்ட காகிதத்தை நானே தயாரித்திருக்கிறேன். அதனால் உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நான் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்த நிறுவனம், பள்ளியில் வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்காக மாலைநேர வாசிப்பு மையங்களை நடத்தி வந்தது. எங்கள் முதல் உத்தித் திட்டத்தை இரண்டு நாள் கூட்டத்தில் உருவாக்கினோம். சுவர் முழுக்கத் தாள்களை ஒட்டி, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொருவரும் தோன்றியதை எல்லாம் எழுதினோம். கடைசியில் 6 இலக்குகளும் 31 செயல்பாடுகளும் கொண்ட 48 பக்க ஆவணம் ஒன்று கையில் இருந்தது. அதை எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு விண்ணப்பத்துக்காக அதைத் தேடி எடுத்தபோது, 31 செயல்பாடுகளில் 9 மட்டுமே தொடங்கப்பட்டிருந்தன என்பதைக் கண்டோம். அந்த ஒன்பதும் திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தவை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பாதி மறுப்பதற்குக் காரணம், எங்கள் இரண்டாவது திட்டம். அது நான்கு பக்கம்தான். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

இரண்டாவது திட்டத்தைத் தொடங்கி வைத்தவர் எங்கள் கணக்காளர். முதல் கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. கணக்கு என்பது திட்டம் முடிவான பிறகு வரவேண்டியது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இரண்டாம் முறை அவர் ஒரே ஒரு தாளுடன் வந்து அமர்ந்தார். அந்தத் தாளில் பண விவரம் எதுவும் இல்லை. மணிக்கணக்கு மட்டுமே இருந்தது. பணியாளர்கள் 11 பேர், மாதத்துக்கு 22 வேலை நாள், நாளைக்கு 7 மணி நேரம். ஆக மொத்தம் மாதம் 1,694 மணி நேரம் நம் கையில் இருக்கிறது என்று முதல் வரியில் எழுதியிருந்தார். அதன் கீழே, நாங்கள் செய்ய விரும்பிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு வாங்கிய மணிக்கணக்கு இருந்தது. கூட்டுத்தொகை 2,400-ஐத் தாண்டியது.

அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த களப்பணியாளர் ஒருவர், அந்த வித்தியாசத்தை இத்தனை நாளும் தாங்கள்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்று இரவில் செய்து வந்ததாகச் சொன்னார். குரலை உயர்த்தாமல், ஒரு தகவலைச் சொல்வதைப் போலவே சொன்னார். அந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் ஏன் வேலையை விட்டுப் போனார்கள் என்பதற்கான விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இது. நிறுவனம் சிறியதாக இருக்கும்போதுதான் திட்டம் அதிகமாகத் தேவைப்படுகிறது. முந்நூறு பேர் கொண்ட அமைப்பில் ஒரு தவறான முடிவின் சுமை பலர் தோளில் பரவிவிடும். ஏழு பேர் உள்ள இடத்தில் அது பெயர் சொல்லக்கூடிய ஒருவர் தலையில் வந்து விழும்.

பிப்ரவரி 4, இரவு

மேலே உள்ள கணக்கில் விடுப்பு எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. கணக்காளரின் முதல் தாளிலும் அது விடுபட்டிருந்தது. ஆளுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு என்று வைத்தால் 11 பேருக்கு 20 நாள் வீதம் 1,540 மணி நேரம்தான் மிஞ்சும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 308 மணி நேரம், நன்கொடையாளர்களுக்கான அறிக்கைகளிலும் படிவங்களிலும் போய்விடுவதைப் பின்னர் அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம். உண்மையில் குழந்தைகளுக்கு என்று இருந்தது 1,232 மணி நேரம். நாங்கள் கனவு கண்ட வேலையில் ஏறத்தாழப் பாதிக்கு மட்டுமே அது போதுமானது.

பிப்ரவரி 7

“வேலையைக் குறைக்க வேண்டும் என்கிறீர்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லவா முடியும்?” என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இதைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஒருமுறை பெரிய நிதி ஒன்று வந்தது. அதுவரை எங்கள் முழு ஆண்டுச் செலவு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. ஆனால் அது வாசிப்புக்கு அல்ல. இளைஞர்களுக்கான கணினிப் பயிற்சிக்கு. எங்கள் திட்டத்தில் கணினி என்ற சொல்லே இல்லை. இருந்தும், எங்கள் பணிநோக்கு, அதாவது நிறுவனம் எதற்காக இருக்கிறது என்று சொல்லும் வாசகம், “கல்வியின் வழி முன்னேற்றம்” என்று எதையும் உள்ளடக்கும்படி எழுதப்பட்டிருந்ததால், இதுவும் கல்விதானே என்று நிர்வாகக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நானும் கை உயர்த்தினேன். வாசிப்பு மையங்களை நடத்திய நால்வரில் மிகத் திறமையான இருவரைப் புதிய பயிற்சிக்கு மாற்றினோம். மூன்றாண்டுகள் கழித்து, ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி நிதி நின்றது. அதற்குள் பத்து வாசிப்பு மையங்களில் நான்கு மூடப்பட்டுவிட்டன. அவற்றை மூடுவது என்று யாரும் எந்தக் கூட்டத்திலும் முடிவெடுக்கவில்லை; கவனிக்க ஆள் இல்லாமல் அவை தாமாகவே நின்றுபோயின. கடைசியாக மூடிய மையத்தின் அலமாரிச் சாவியை ஒரு குழந்தையின் தாய் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். புத்தகங்கள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதமாக ஆசிரியர் வராத மையத்தில் புத்தகங்களைத் துடைத்து அடுக்கி வைத்துக் காத்துக்கொண்டிருந்தவர் அவர்.

எனவே, பணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் பதில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, ஆழிப்பேரலைப் பணிகளுக்கென்று தங்களால் செய்ய இயன்ற அளவுக்கு நிதி வந்துவிட்டது, இனி அந்தத் தலைப்பில் அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மிகுதியை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது, பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். தன்னால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை முன்பே அறிந்திருந்த அமைப்பால்தான் அப்படி அறிவிக்க முடியும். அந்த அறிவைத்தான் நான் உத்தித் திட்டம் என்கிறேன். அது எத்தனை பக்கம் என்பது பொருட்டல்ல.

பிப்ரவரி 8

உலகளாவிய மருத்துவ அமைப்பை ஏழு பேர் கொண்ட நிறுவனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது நியாயமா என்று கேள்வியைத் தொடங்கியவரே கேட்கிறார். நியாயமான கண்டனம். அவர்களிடம் இருந்தது மறுக்கும் துணிவு மட்டுமல்ல; மறுத்தாலும் அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற நிலையும் இருந்தது. சிறிய நிறுவனத்துக்கு அந்த நிலையைத் தருவது காப்பு நிதி.

மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அதை எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. எங்கள் கணக்கையே எளிய எண்களாக்கிச் சொல்கிறேன். வங்கியில் 90 பங்கு இருந்தது; மாதச் செலவு 15 பங்கு. ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று நிர்வாகக் குழு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த 90-ல் 60 பங்கு, குறிப்பிட்ட பணிகளுக்கு என்று நிபந்தனையோடு வந்த பணம்; அதைத் தொட நமக்கு உரிமையில்லை. மிஞ்சிய 30 பங்கு இரண்டு மாதத்துக்குத்தான் வரும். கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்துக் காப்பு நிதி என்று காட்டும் நிறுவனங்களும் உண்டு. கட்டடத்தை விற்றுச் சம்பளம் கொடுக்க யாரும் தயாராக இல்லாதபோது அது காப்பு ஆகாது.

உங்கள் திட்டத்தில் ஒரே ஓர் எண் மட்டும்தான் இடம்பெறலாம் என்றால், நிபந்தனையற்ற கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்ற எண் இடம்பெறட்டும்.

பிப்ரவரி 11

தர்க்கச் சட்டகம், அதாவது ஒரு திட்டம் முழுவதையும் ஒரே அட்டவணையில் படிப்படியாகக் காட்டும் ‘லாக்ஃப்ரேம்’ முறை பற்றிக் கேட்டவருக்கு:

அந்த அட்டவணை 1969-ல் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்டது. உள்ளீடு, வெளியீடு, நோக்கம், குறிக்கோள் என்று கீழிருந்து மேலாக நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் அளவீடு, சான்று, அனுமானம் என்று பத்திகள். நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகப் பலர் அதை மனமில்லாமல் நிரப்புகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நிரப்பினேன். அந்த அட்டவணையின் உயிர் கடைசிப் பத்தியில், அதாவது அனுமானங்களில் இருக்கிறது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அனுமானப் பத்தியில் நாங்கள் வழக்கமாக எழுதியது “அரசின் ஒத்துழைப்பு தொடரும்” என்பதுதான். உண்மையான அனுமானம் அதுவல்ல. “குழந்தை மாலையில் சோர்வில்லாமல் வரும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருப்பார்” என்பதே எங்கள் பணி முழுவதும் நின்றுகொண்டிருந்த அனுமானம். அதை எழுதியிருந்தால், பெண் குழந்தைகளின் வருகை ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டாண்டுகள் ஆகியிருக்காது.

1990-களில் பரவலான ‘மாற்றக் கோட்பாடு’ முறையின் சாரமும் இதுதான். எந்தச் செயல், எந்தக் காரணத்தால், எந்த மாற்றத்தைக் கொண்டுவரும் என்று நாம் நம்புகிறோம் என்பதை வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. அம்புக்குறிகள் நிறைந்த படமாக அதை வரைவதில் செலவாகும் நேரத்தில், ஒரே ஓர் அம்புக்குறியை எடுத்துக்கொண்டு, இது ஏன் நடக்கும் என்று களப்பணியாளரிடம் கேட்டால் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 15

“நிறுவனத்தின் நோக்கமே நிறைவேறிவிட்டால் என்ன செய்வது? அதையும் திட்டத்தில் எழுத வேண்டுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நெடுநாளாக நான் யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

அமெரிக்காவில் 1938-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்கத் தேசிய அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அவரே அந்த நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தவராக அறியப்பட்டவர். பத்து சென்ட் நாணயங்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் விடுக்கப்பட்ட வேண்டுகோளுக்கு இணங்க எளிய மக்கள் நாணயங்களை அஞ்சலில் அனுப்பிக் குவித்தார்கள். பத்து சென்ட் நாணயத்துக்கு அங்கே ‘டைம்’ (dime) என்று பெயர்; ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற பெயர் அதனால் வந்தது. அந்தப் பணத்தின் உதவியால் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி உருவானது. எந்த நோய்க்காக நிறுவப்பட்டதோ அந்த நோய்க்குத் தடுப்பூசி கிடைத்தது. அதன் பிறகு அந்த அமைப்பு கலைந்துவிடவில்லை; குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணிக்குத் திரும்பியது.

இதை அமைப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சுயநலம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஊர்தோறும் கிளைகள், பழகிய தொண்டர்கள், மக்களின் நம்பிக்கை ஆகியவற்றைத் திரட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அவற்றைக் கலைத்துவிட்டால் அடுத்த தேவைக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து திரட்ட வேண்டும். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. புதிய நோக்கத்தை, அதற்கு உரிய கேள்விகளைக் கேட்டு, புதிதாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பணிநோக்கின் சொற்களை மட்டும் நீட்டி, அதற்குள் எல்லாவற்றையும் நுழைத்துக்கொள்வது, எங்கள் கணினிப் பயிற்சியில் நடந்ததைப் போல ஆகிவிடும்.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். தடுப்பூசி வந்தவுடனே அமைப்பு திசை மாறியது போன்ற தோற்றம் ஏற்படும்படி எழுதிவிட்டேன். சால்க் தடுப்பூசி பயனளிக்கிறது என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரல் 12-ல். புதிய நோக்கம் அறிவிக்கப்பட்டது 1958-ல். அந்த மூன்றாண்டு இடைவெளியை நான் விட்டுவிடக் கூடாது. வெற்றி கிடைத்த பிறகும், அடுத்து என்ன என்று முடிவெடுக்க ஒரு பெரிய அமைப்புக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

பிப்ரவரி 20

என் முதல் குறிப்பை மீண்டும் படித்தேன். 48 பக்க ஆவணத்தை முழுவதும் பயனற்றது என்பது போலச் சொல்லியிருந்தேன். பழைய கோப்பிலிருந்து அதை எடுத்து மறுபடியும் பார்த்தபோது, 37-ம் பக்கத்தில், பின்னிணைப்பில், பெற்றோர் சிலருடன் நடந்த உரையாடல்களின் சுருக்கம் இருந்தது. அதில் ஒரு தாய், “என் மகள் எட்டு வயதில் உங்களிடம் வருகிறாள், ஆறு வயதிலேயே அவளுக்குப் புத்தகத்தின் மேல் பயம் வந்துவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வயது முன்னதாகத் தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு நாங்கள் வந்தது இரண்டாவது திட்டத்தில், பல ஆண்டுகளுக்குப் பிறகு. எங்களுக்கு வேண்டிய பதில் அவ்வளவு காலமும் எங்கள் ஆவணத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. பயனாளிகள் சொன்னதைப் பின்னிணைப்பிலும், நாங்கள் சுவரில் ஒட்டியதை முதல் அத்தியாயத்திலும் வைத்தோம்.

ஆகையால், பக்க எண்ணிக்கையைப் பற்றி நான் வைத்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். யாருடைய சொல் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதே கோளாறு. இரண்டாவது திட்டத்துக்கு முன் நாங்கள் 26 குடும்பங்களைச் சந்தித்தோம். அவற்றில் 8 குடும்பங்கள் எங்கள் மையத்திலிருந்து பிள்ளையை நிறுத்திக்கொண்டவை. அந்த எட்டு வீடுகளில் கிடைத்ததுதான் எங்களுக்கு அதிகம் உதவியது. தொடர்ந்து வருபவர்கள் நன்றி சொல்வார்கள். விலகியவர்கள்தான் காரணம் சொல்வார்கள்.

பிப்ரவரி 21

திட்டக் கூட்டத்தை நடத்த வெளி ஆலோசகர் கட்டாயமா என்று கேட்டவருக்கு ஒரு குறுகிய பதில்: இல்லை, கட்டாயமில்லை. ஆனால் நிர்வாகத் தலைவரே கூட்டத்தை நடத்தக் கூடாது. தலைவர் கேள்வி கேட்கும் அறையில் அவர் விரும்பும் விடைதான் வரும். வேறொரு தொண்டு நிறுவனத்தில் உள்ள ஒருவரை அழைத்து நடத்தச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவைப்படும்போது நீங்கள் போய் நடத்திக் கொடுங்கள்.

மார்ச் 2

எழுதி முடித்த திட்டத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் நான்கு பக்கத்தில் முதல் பக்கம், இந்த மூன்றாண்டில் நாங்கள் மாற்ற விரும்பும் இரண்டே இரண்டு விஷயங்களைச் சொன்னது. இரண்டாம் பக்கம் மணிக்கணக்கு. மூன்றாம் பக்கம் பணம். நான்காம் பக்கத்தின் தலைப்பு “நாம் செய்யப்போவதில்லை” என்பது. அந்த நான்காம் பக்கத்தைத்தான் நாங்கள் அடிக்கடி திறந்தோம். புதிய வாய்ப்பு எது வந்தாலும், அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். இருந்து, அப்போதும் ஏற்க விரும்பினால், எதை நிறுத்தி இதற்கு இடம் தருகிறோம் என்பதை நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். மூன்றாண்டில் இருமுறை அப்படி எழுதி ஏற்றோம். ஐந்து முறை மறுத்தோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் திட்டத்துக்கு என்று ஒதுக்கினோம். முதல் அரைமணி என்பது முக்கியம். கடைசியில் வைத்தால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு முறை வரும்.

ஐந்தாண்டா, மூன்றாண்டா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். திசைக்கு மூன்றாண்டு, வேலைகளுக்கு ஓராண்டு. நிதி எவ்வளவு வரும் என்று தெரியாதவர்கள், வரவு பாதியானால் எதைக் காப்பாற்றுவோம் என்று ஒரு பத்தியும், இருமடங்கானால் எதை முதலில் விரிவாக்குவோம் என்று ஒரு பத்தியும் எழுதி வைத்துக்கொள்ளலாம். பணம் குறைந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்க உட்கார்ந்தால், பேசும் வலிமை உள்ளவரின் பணி காப்பாற்றப்படும், மற்றது போய்விடும்.

மார்ச் 19

கேள்வியைத் தொடங்கியவர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஏழு பேரும் சேர்ந்து மணிக்கணக்கு போட்டார்களாம். நடந்துகொண்டிருக்கும் பணிகள் 14. அவற்றில் இரண்டை நிறுத்தினால்தான் மற்றவை ஒழுங்காக நடக்கும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை. மற்றொன்று, முதியவர்களை வாரம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்க்கும் பணி. பயன்பெறுபவர்கள் 12 பேர் மட்டுமே. நிதி தருபவர் யாரும் இல்லை. நிறுவனத்தின் பணிநோக்கிலும் அது இல்லை. ஆனால் அதை நிறுத்துவோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்கிறார்.

வாய் வராததில் தவறில்லை. எங்கள் நான்கு மையங்கள் யாருடைய வாயிலும் வராமலேதான் மூடப்பட்டன. அதைவிட, உட்கார்ந்து வருந்திப் பேசுவது எவ்வளவோ மேல். நான் சொல்லக்கூடியவை நடைமுறை சார்ந்தவை மட்டுமே. முடிவெடுப்பதற்கு முன், வாராவாரம் அவர்களைப் பார்க்கப் போகும் பணியாளரை நிர்வாகக் குழுவின் முன் அமர்த்தி, பன்னிரண்டு பேரைப் பற்றியும் பெயர் பெயராகச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்கு உறவினர் அருகில் இருக்கிறார்கள், யாருக்கு உங்கள் பணியாளரைத் தவிர வேறு எவரும் வருவதில்லை என்று பிரித்துப் பாருங்கள். இதே பணியைச் செய்யும் வேறு அமைப்பு இருந்தால், கடிதம் எழுதிக் கைகழுவாமல், உங்கள் பணியாளரும் அவர்களுடைய பணியாளரும் குறைந்தது நான்கு வாரம் சேர்ந்து அந்த வீடுகளுக்குப் போகட்டும். அந்த நான்கு வாரத்துக்கான மணிகளையும் உங்கள் தாளில் இப்போதே எழுதிவிடுங்கள். இரண்டு பேர், வாரம் ஆறு மணி நேரம் என்றால் 48 மணி. அதில் உங்கள் பங்கு 24.